எங்களுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர்கள்

“வெள்ளி பின்னேரம் ஆறரைக்கு இத்தாலியன் கடைக்கு வாங்கோ. மேசை மாப்பிள்ளை வீட்டாரே சொல்லி வச்சிட்டினம். பிள்ளை சாரி உடுக்கத் தேவையில்லையாம், சாதாரணமா வரட்டாம். வேறை ஆக்களுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாமாம்.”

கல்யாணத் தரகர் அனுப்பிய இந்தச் செய்தி இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய அடுத்த கிழமை, புதன் காலையில் வந்தது. கடைசி வசனத்தை அன்று நான் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். பொருந்தாமல் போனால் ஊர் கதைக்கும், அதனால் வீட்டுக்கு வராமல் வெளியே சந்திக்கிறார்கள் என்று நினைத்தேன். இந்தப் புதிய வழக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. மகளுக்கும் அது பிடித்திருந்தது. “வீட்டிலை வந்து இருந்து வடையும் திண்டிட்டு, யன்னல் சீலையையும் பாத்திட்டுப் போறதை விட உது நல்லம் அப்பா” என்றாள்.

அந்த உணவகம் எங்களுக்குப் புதிதுமல்ல. மகள் ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் எடுத்த மாதம், பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏற்றி எங்கள் இருவரையும் அங்கேதான் கூட்டிப்போனாள். சீஸ் நூல் நூலாக இழுபடுவதைப் பார்த்து மனைவி, “இதென்ன பிள்ளை, கோந்து மாதிரி” என்றாள். இரண்டாவது துண்டில் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டாள். தக்காளிக்கு மேலே கிடந்த இலையை முகர்ந்து, துளசிக்குத் தங்கச்சி போலிருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னாள். அதன்பிறகு பலமுறை போயிருக்கிறோம். மகள் எப்போதும் எடுப்பது காளான் போட்ட பீட்சா. விறகு அடுப்புக்குப் பக்கத்திலுள்ள சின்ன மேசைதான் அவளுக்குப் பிடித்த இடம். அது அவள் தன் உழைப்பில் எங்களுக்குக் காட்டிய இடம். அங்கே வைத்து நடந்ததால்தான் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். மகள் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். அங்கே பரிமாறும் நடுத்தர வயதுக்காரர் எங்களை அறிவார். “ஐயா, உங்களுக்குச் சொல்லி வச்ச மேசையிலை ஆக்கள் இன்னும் எழும்பேல்லை. கொஞ்சம் உதிலை இருங்கோ” என்று முற்றத்துக் கதிரைகளைக் காட்டினார். சற்று நேரத்தில் ஒரு தகப்பனும் தாயும் மகளும் வெளியே வந்தார்கள். தாயின் முகம் நன்றாக இல்லை. அந்தப் பெண் எங்களைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தபடி நடந்தாள். சாப்பாடு சரியில்லைப்போல என்று எண்ணிக்கொண்டேன்.

உள்ளே போனால் மாப்பிள்ளையும் தாயும் ஏற்கெனவே இருந்தார்கள். சுவிசிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள். தாய் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். மேசை விரிப்பில் பாண் துகள்கள் கிடந்தன. மாப்பிள்ளையின் சாப்பாட்டுக் கோப்பையில் பீட்சாவின் கருகிய ஓரம் மிஞ்சியிருந்தது.

“வாங்கோ, வாங்கோ. சும்மா கொஞ்சம் கொறிச்சுக்கொண்டிருந்தனாங்கள்” என்றார் தாய். எழும்பவில்லை.

நாங்கள் இருந்து முடியுமுன்னே அவரே எல்லோருக்குமாகப் பீட்சா சொல்லிவிட்டார்: கோழி போட்டது இரண்டு, இறால் போட்டது ஒன்று.

மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நாங்கள் கொடியேறினால் மச்சம் மாமிசம் சாப்பிடுறேல்லை.”

“ஐயோ, இப்பவும் உதெல்லாம் பாக்கிறியளே அக்கா? கோழியை எடுத்துப் புறம்பா வச்சிட்டுச் சாப்பிடுங்கோ.”

நல்லூர்க் கந்தனைக் கும்பிடக் கடல் கடந்து வந்தவர், நல்லூர்க் காலத்தில் விரதமிருக்கும் ஒருத்தியிடம் சொன்ன வார்த்தை இது. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் சேர்த்துத்தான் இப்போது கொதிக்கிறது.

பிறகு கேள்விகள் வந்தன. டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிக்க ஏலுமோ? குளிர் தாங்குமோ? கார் ஓட்டத் தெரியுமோ? அவை எல்லாம் ஒரே வேகத்தில், ஒன்றுக்கும் மறுமொழியை முழுதாகக் கேட்காமல் வந்தன. கடைசியில், “பிள்ளை, முள்ளுக்கரண்டி கத்தி எல்லாம் பிடிச்சுப் பழக்கமோ?” என்றார்.

“ஊசி பிடிச்சுக் குழந்தைப் பிள்ளையளுக்கு ரத்தம் எடுக்கிற கை அன்ரி. முள்ளுக்கரண்டி பிடிக்காதே?” என்றாள் மகள்.

மாப்பிள்ளை பக்கென்று சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்த ஒரு கணம் எனக்கும் அவனைப் பிடித்தது. தாய் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் பரிமாறுபவர் ஒரு தட்டில் மூன்று கிண்ணம் ஐஸ்கிரீமோடு வந்தார். “அம்மா, முந்தி வந்த ஃபமிலிக்கு நீங்கள் சொன்ன ஐஸ்கிரீம். அவை சாப்பிடாமல் எழும்பிப் போட்டினம். இவைக்கு வைக்கட்டோ?”

அவர் கள்ளங்கபடமில்லாமல்தான் கேட்டார். ஐஸ்கிரீம் உருகிவிடும் என்பது மட்டுமே அவருடைய கவலை.

முற்றத்தில் கண்ட அந்தத் தாயின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

“அது… எங்கடை சொந்தக்காரர்” என்றார் தாய்.

மகள் அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். “முந்தி வந்தவை ஆர்?”

அவன் கோப்பையிலிருந்த கருகிய ஓரத்தை விரலால் தள்ளினான். “அம்மாவைக் கேளுங்கோ.”

“சரி. எங்களுக்குப் பிறகு ஆர் வருகினம்?”

இதற்குத் தாய்தான் மறுமொழி சொன்னார். இப்போது மறைக்கவும் முயலவில்லை. “பிள்ளை, எங்களுக்கு லீவு கொஞ்ச நாள்தான். வெயிலுக்குள்ளை ஒவ்வொருத்தற்றை வீடா ஏறி இறங்க ஏலுமே? ஒரே இடத்திலை எண்டால் எல்லாருக்கும் சுகம்.”

எல்லாருக்கும் சுகமாம்! பல்வைத்தியரிடம் போனால் நம்பர் தருவார்கள். முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று தெரிந்துதான் இருப்போம். இங்கே அதுவும் இல்லை. ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்ற செய்தியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மானத்தைக் காக்க அல்ல, வரிசை வெளியே தெரியாமலிருக்கவே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பெண் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படிப் பார்த்துக் கட்டியவன்தான். ஆனால் ஒரு பெண் சாப்பிட்ட துகளைத் துடைக்காமலே அடுத்தவளை அதே விரிப்பில் இருத்துவதற்கு என்ன பெயர்?

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். சத்தம் போடவே எழும்பினேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

“அப்பா, எனக்குப் பசிக்குது. டியூட்டியாலை நேரை வந்தனான்.” பிறகு பரிமாறுபவரிடம், “அண்ணை, அடுப்படி மேசை சும்மாதானே இருக்கு? எங்களுக்கு அங்கை ஒரு காளான் பீட்சா தாங்கோ” என்றாள். “அன்ரி, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ. எங்களாலை பிந்த வேண்டாம்.”

அந்த மேசையிலிருந்து அடுப்படி மேசைக்கு எங்களை அவள் நடத்திக்கொண்டு போனாள். வெளியே ஓடிப்போகத்தான் எங்கள் இருவருக்கும் விருப்பம். அவள் விடவில்லை. பீட்சா வந்தது. முள்ளுக்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, கையால் பிய்த்து, எங்கள் இருவர் கோப்பையிலும் வைத்தாள். “ஓடினால் நாங்கள் பிழை விட்ட மாதிரி. இது எங்கடை இடம். ஆறுதலாச் சாப்பிடுங்கோ” என்றாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எதிரே அவர்கள் இருவரும் உருகிய ஐஸ்கிரீமைப் பார்த்தபடி இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தரகரை அழைத்து, எங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை பருத்தித்துறைச் சந்தையில் தெரிந்தவர் ஒருவர் என்னை மறித்து ஆறுதல் சொன்னார்: சாதகக் குறிப்புப் பொருந்தாததால் மாப்பிள்ளை வீட்டார் எங்களை வேண்டாம் என்றுவிட்டார்களாம். குறிப்புப் பார்த்துப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் அந்த மேசையே ஏற்பாடானது. பொய்யிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? மீன்காரர்கள் முன்னிலையில் முழுக்கதையையும் அவருக்குச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். வேறை ஆக்களுக்குச் சொல்ல வேண்டாம் என்ற கட்டளைக்கு அதுவே என் பதில்.

மகள் இப்போதும் அந்த உணவகத்துக்குப் போகிறாள். போன மாதம் எங்களையும் கூட்டிப்போனாள். அடுப்படி மேசையிலேயே இருந்தோம். இந்தமுறை எனக்கு இறங்கியது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியேறும்போது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. மடிப்புக் கலையாத சேட்டுடன் ஒரு தகப்பனும், சேலை உடுத்த ஒரு பெண்ணும் இறங்கினார்கள். மகள் அந்தப் பெண்ணிடம் போய் ஏதோ மெதுவாகச் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, “காளான் பீட்சா நல்லம் எண்டு சொன்னனான்” என்றாள். அவர்கள் எங்களுக்குப் பிறகு மூன்றாவதாக அழைக்கப்பட்டவர்கள் என்பது மகளின் முடிவு. வெறுமனே சாப்பிட வந்த சனமாகவும் இருக்கலாம் என்கிறாள் மனைவி. பரிமாறுபவரைக் கேட்டேன், அன்று கூட்டம், தனக்கு நினைவில்லை என்றார். அவர்கள் அந்த மேசைக்குப் போனார்களா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.