கோய் டான்ஸ்பியின் கல்லறைக்குப் போன மண்பாதை

எர்லீன் டான்ஸ்பி கெளுத்தி மீன் ஆலையில் முப்பத்தொரு வருஷம் நின்றபடியே மீன் அறுத்தவள். கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் கோய் ஒருவன்தான் சொந்தம். அவன் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுச் சாராயக் கொட்டகைகளில் கிட்டார் வாசித்து ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுப் பாடினான். ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது, அதையும் சீந்த ஆளில்லை. செத்துப் பதினெட்டு வருஷமாக வயலுக்கு நடுவே பழைய கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். பக்கத்தில் ஆறடி இடம் எர்லீனுக்கு. அதற்குமேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அங்கே போக ஒரே மண்பாதை. வயலைப் புதிதாக வாங்கியவர் அதையும் உழவேண்டும் என்று மாவட்டத்தை நடத்தும் கவுண்டி சபையில் மனுப் போட்டார்.

"ஜனங்க அந்தப் பாதையில போறாங்கன்னு காட்டுங்க மிஸ் எர்லீன், மூட மாட்டோம். வாய்ப்பேச்சு மட்டும் ஆகாது," என்றார் சபைத் தலைவர் ஹாலிஸ் க்ரம்.

போகத்தான் செய்தார்கள். வாரம் இரண்டு மூன்று கார்கள், எல்லாம் வெளி மாநிலத்து எண். கோயைத் தேடி வருகிறார்கள் என்று எர்லீனுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. டென்னசியிலிருந்து வந்த ஒருவனை மறித்தாள்.

"எங்கண்ணன் பாட்ட எங்க கேட்டீங்க, தம்பி?"

"எந்த அண்ணன், மேடம்?"

அவன் கல்லறைத் தோட்டத்துத் தேவதாரு மரத்தின் வேரடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் காட்டினான். யாரோ ஒளித்து வைப்பார்களாம். மற்றவர்கள் போனில் இடம் பார்த்துக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் நோட்டில் பேர் எழுதுவார்களாம்.

"உங்க ஊர்ல ஒளிச்சு வெளையாட மரமே இல்லயா?" என்றாள்.

அவன் போனபின் நோட்டைப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், தேதியோடு. கோயைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனாலும் இதைவிடச் சாட்சி வேண்டுமா? பெட்டியோடு தூக்கிப் போய்ச் சபையில் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை தரமாட்டோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

விசாரணை தள்ளித் தள்ளி நான்கு மாதம் போயிற்று. வந்தவர்கள் வேரடியைக் கிளறிப் பார்த்துக் கையை விரித்தார்கள், பெட்டி காணோம் என்று போனில் எழுதினார்கள். ஒளித்தவன் எவனோ, அந்த இடத்தையே விளையாட்டிலிருந்து நீக்கிவிட்டான். இதெல்லாம் எர்லீனுக்கு எங்கே தெரியும்? கார் வராததற்கு வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டாள், பாவம்.

விசாரணையில் வயல்காரரின் வக்கீல் எழுந்தார். "பெட்டி போன கொஞ்ச நாள்லயே கார் வர்றதும் நின்னுபோச்சும்மா, வந்தவங்க பெட்டிக்குத்தான் வந்தாங்க. அதை எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

க்ரம்முக்கே தாங்கவில்லை. "உங்கண்ணனுக்காக வர்ற ஒருத்தர் பேரச் சொல்லுங்க மிஸ் எர்லீன். ஒரே ஒருத்தர் போதும்."

"நான் வர்றேனே. ஞாயித்துக்கெழம தவறாம."

"சொந்தக்காரங்க சேத்தியில்லம்மா," என்றார் வக்கீல்.

பாதையை மூடச் சொல்லிச் சபையில் ஐந்து கைகள் உயர்ந்தன. அவள் வரப்பில் நடந்துபோய்க் கும்பிட்டுக்கொள்ளலாம். வண்டிக்கு வழியில்லை, புதிதாக யாரையும் புதைக்கவும் கூடாது.

பாதையில் சோயா முளைத்த வாரம், சவ அடக்கக் கடைக்காரர் டவுன் கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தை அவள்முன் விரித்தார்.

"யாருக்குப் பக்கத்துல வேணும், மிஸ் எர்லீன்?"

அவள் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தாள்.

"ஒருத்தரையும் தெரியலயே," என்றாள். "நீங்களே பாத்துப் போடுங்க."