விமானத்துக்குக் கால் பார்த்தவன்

டிராக்டரை ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: வேலை சரியில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும், மேலிருந்து விழாது. விமானத்துக்குக் கால் பார்க்கிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடுத்தவர் வண்டிக்குச் சக்கரம் மாட்டி அனுப்பிவிட்டு, ஆள் வீடு போய்ச் சேர்ந்தாரோ இல்லையோ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தவர்கள் உங்களில் இருப்பார்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பெட்டியில் வந்த விமானம்

கள்ளக்குறிச்சியில் எனக்கு டிராக்டர் பட்டறை. வடக்கனந்தலில் சார் இருந்தார். பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே பெண். வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்த இரண்டு சீட்டு விமானத்தைத் தன் கொட்டகையிலேயே உட்கார்ந்து பூட்டி முடித்திருந்தார். முதுகுவலி, குனிய முடியாது. அதனால் சக்கரம், பிரேக், அவற்றைத் தாங்கும் இரும்புக் கால்கள் எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தில் அதற்கு லேண்டிங் கியர் என்று பெயர். நாங்கள் கால் என்றே சொல்வோம்.

"எனக்கு விமானமெல்லாம் தெரியாதுங்க சார்" என்று நழுவப் பார்த்தேன். சார் விடவில்லை. "மேல போயிட்டா நான் பாத்துக்கறேன். தரையில இருக்கற வரைக்கும் இது உன் டிராக்டர்தான், வேலு."

கிரீஸ் அபிஷேகம்

டிராக்டர் என்று சொல்லிவிட்டாரா, நானும் டிராக்டருக்கு வைப்பது போலவே பேரிங்கில் கிரீஸை அள்ளி அப்பினேன். கஞ்சத்தனம் என் பரம்பரையிலேயே கிடையாது. பிதுங்கிய கிரீஸ் பிரேக்குக்குள் இறங்கிவிட்டது.

சாரின் மேட்டு நிலத்தை உருளை போட்டு இறுக்கியதுதான் ஓடுபாதை. களம் மாதிரி இருக்கும் இடத்தை ஊர் சும்மா விடுமா? ஓடுபாதையின் கோடியில் பக்கத்துக் காட்டு அஞ்சலை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்திருந்தாள். இறங்கிய விமானம் பிரேக் பிடிக்காமல் பொறுமையாக உருண்டு போய் மல்லாட்டைமேல் ஏறி நின்றது. நான் மூச்சு வாங்க ஓடினேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்து நின்றாள். "பாதிய உரிச்சிட்டீங்க. மீதி மேலயும் ஒரு தபா வுட்டுட்டுப் போங்க சார்!"

பின்சீட்டு

சாரிடம் ஒரு சட்டம் இருந்தது. காலில் கை வைத்தவன், முடித்த கையோடு பின்சீட்டில் ஏறி ஒரு சுற்று வர வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பயந்தே ஒரு நட்டை ஏழு தடவை முடுக்குவேன். மேலே போனால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன்.

ஒருநாள் அவர் கத்திய கத்தலில் திறந்துவிட்டேன். கோமுகி அணைத் தண்ணீரைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அங்கே அவர் மகள் மல்லிகா. மருமகன் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். வாசலில் ஒரு பெண் துண்டை எடுத்து ஆட்டினாள். சார் இறக்கையைச் சாய்த்துக் காட்டினார். கீழே இறங்கியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குத்தான் வேலு இவ்ளோ பாடும்."

சாக்பீஸ் கோடு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. மல்லிகாவுக்கு ஒன்பது மாதம். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வர வேண்டியவள் மலையில் மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி அவளைக் கூட்டி வருவதாகச் சார் முடிவு கட்டிவிட்டார். காலைப் பார்த்துக் கொடுக்க, சைக்கிளை மரத்துக்கு மரம் தூக்கிக் கடந்து அவர் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

காலைத் துடைக்கும்போது வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு. அழுக்காக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினேன். வெள்ளைத் தூளில் மெல்ல ஈரக்கோடு ஒன்று எழுந்தது. விரிசலேதான். அந்தக் கல்லு மைதானத்தில் இறங்கினால் கால் முறியும். சாருக்குக் காட்டினேன். அவருக்கும் புரிந்தது, ஆனால் அன்றைக்கு அவர் வாத்தியார் இல்லை, அப்பா. "ஒரே ஒரு தடவ தாங்கும்டா" என்றார். இரண்டு சக்கரத்தையும் கழற்றி சைக்கிள் கேரியரில் கட்டினேன். சார் வாசல்வரை வந்து கத்தினார்: "இனிமே என் கொட்டாய்ப் பக்கம் வராத!"

மறியல்

அழுதுகொண்டே சைக்கிள் ஓட்டுவது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெட்டிப் போட்ட புளியமரத்தின்மேல் மறியல் பையன்களோடு ஏழுமலை உட்கார்ந்திருந்தான். அவன் டிராக்டர் மாசம் தவறாமல் என் பட்டறைக்கு வரும். "இன்னாண்ணே, எந்த வண்டிச் சக்கரம் இது?" என்றான். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பையன்கள் முதலில் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. மரத்திலிருந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான். "ரோட்ட நாங்க மறிச்சிட்டோம், ஆகாசத்த நீ மறிச்சிட்ட. அந்தப் பொண்ணு எப்டி வரும்? டேய், எவன் வூட்லனா கயித்துக் கட்டிலு எடுத்தாங்கடா!"

கட்டில்

மலைமேல் ஆள் போய்ச் சொன்னான். அங்கிருந்த ஒரு ஜீப் மல்லிகாவை அடிவாரத்தில் கிடந்த முதல் மரம்வரை கொண்டுவந்தது. அதற்குமேல் கட்டில். மறியல் செய்தவர்களே தோள் மாற்றித் தோள் மாற்றி, தாங்கள் வெட்டிய மரங்களைத் தாங்களே ஏறிக் கடந்து வடக்கனந்தலுக்குத் தூக்கி வந்தார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் போகவில்லை. சார் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மரங்களை அகற்றிய பிறகு, யாரையோ வைத்துக் கழற்றிய அந்த விரிசல் காலைத் துணியில் சுற்றிக்கொண்டு சாரே பட்டறைக்கு வந்தார். பெஞ்சில் வைத்து ஒரு மிதி மிதித்தேன்; இரண்டாகப் போய்விட்டது. முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். என் கையைப் பிடித்து வடக்கனந்தலுக்குக் கூட்டிப்போனார். மல்லிகா குழந்தையைக் கொண்டுவந்து, கிரீஸ் கை என்றுகூடப் பார்க்காமல், என் மடியில் போட்டாள். "அன்னிக்கு நீங்க சக்கரத்த தூக்கிக்கினு போவலன்னா இதுக்குத் தாத்தா ஏதுண்ணா?"

பல வருஷம் அந்த விமானத்துக்கு வேலை பார்த்தேன். அதில் நான் உருப்படியாகச் செய்தது, அதைப் பறக்கவிடாமல் செய்த அந்த ஒரு வேலைதான்.