நல்ல தண்ணி மெயில்

ஜெயசுதாவுக்கு இராமநாதபுரத்தில் மனை விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை. மனையை அவள் யாருக்கும் காட்டுவதில்லை, மெயில் அனுப்புவாள். சவுதியிலும் குவைத்திலும் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள் போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஆசையில் பெயரையும் மெயில் முகவரியையும் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தவர் அத்தோடு மறந்துவிடலாம், கம்பெனி மறக்காது. முதலில் ஒரு வணக்கம், அப்புறம் படம், அப்புறம் வீடியோ, பெருநாள் வந்தால் வாழ்த்து என்று மெயில் போய்க்கொண்டே இருக்கும். யார் திறந்தார், யார் மறுபடி திறந்தார் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி திறந்தவர் பாதி விழுந்தவர். அவருக்குப் போன் போகும்.

உப்பூர்ப் பக்கம் போட்ட ‘முத்துக்கடல் நகர்’ மட்டும் விலைபோகவே இல்லை. முதலாளி காளிராஜ் யாரிடமோ எழுதி வாங்கிய மெயில்கள் கடற்காற்று, நாலுவழிச் சாலை, எதிர்கால வளர்ச்சி என்று அளந்துகொண்டிருந்தன. ஒருவரும் திறக்கவில்லை. இப்படியே போனால் ஆளைக் குறைக்க வேண்டியதுதான் என்று காளிராஜ் பொதுவாகச் சொன்னார். அது தன்னைத்தான் என்று ஜெயசுதாவுக்குப் புரிந்தது. நயினார்கோவில் பக்கம் அவள் அய்யா வீரையாவின் வயல் மழையில்லாமல் காய்ந்து கிடந்தது. அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவர் எந்தப் பாலைவனத்தில் இருந்தாலும், நிலம் என்று சொன்னால் முதலில் கேட்பது, “நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?” என்றுதான். அதைப் பற்றி எந்த மெயிலிலும் ஒரு வரி இல்லை. அதனால் ஒரு பங்குனி வெயிலில் ஜெயசுதா பஸ் பிடித்து மனைக்குப் போனாள். வாசலில் இருந்த குழாயைத் திறந்து, கையில் அள்ளிக் குடித்தாள். தேனாக இருந்தது. திரும்பி வந்து தன் பெயரைப் போட்டே எழுதினாள்: ‘நான் ஜெயசுதா. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துநின்று வளர்ந்தவள். இன்றைக்கு மனைக்குப் போய் என் கையால் அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.’

கிணற்றில் இறைத்ததைத்தான் வாயில் வைத்துப் பார்க்கவேண்டும், குழாயில் வருவதை வைத்து நிலத்தைச் சொல்லக்கூடாது என்பது அவள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அன்றைக்கு விசாரிக்க மனசில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், கிடைத்த தண்ணீரை நம்பிவிட்டாள்.

மெயில் பற்றிக்கொண்டது. தம்மாமில் டிரைவராக இருக்கும் தொண்டிக்காரர் அப்துல் ஹாதி, ‘தங்கச்சி, நீங்க குடிச்சீங்கன்னா எனக்கு அது போதும்’ என்று பதில் போட்டார். மனையைப் பார்க்காமலே தன் உம்மா பேரில் பதிவை முடித்தார். அவர் பின்னாலேயே இன்னும் பலர் முன்பணம் கட்டினார்கள். காளிராஜ் ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

ஆடி மாதம் ஹாதியின் உம்மா ரம்ஜான் பீவி ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

“ஜெயசுதாங்கிறது யாரும்மா?”

“நான்தாம்மா. உக்காருங்க.”

“நீ குடிச்சேன்னு எழுதுனத எம்மவன் போன்ல படிச்சுக் காட்டுனான். வீடு கட்ட போர் போட்டோம். இந்தா, இதையும் குடி.”

ஜெயசுதா வாங்கிக் குடித்தாள். தொண்டையில் இறங்கவில்லை. அப்படி ஒரு கரிப்பு.

“அந்தக் குழாய்த் தொட்டிக்கு லாரில கொண்டாந்துல்ல ஊத்துறாக! அங்கன ஆடு மேய்க்கிறவுக சொன்னாக. அம்புட்டுத் தூரம் வந்தவ, ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?” அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. “வீட்டக் கட்டிட்டு வந்துர்றேன் உம்மான்னு சொன்னான். இனி எத்தன வருசம் அங்கனயே கெடக்கணுமோ, அல்லாதான் அறிவான்.”

அவர் போனதும் ஜெயசுதா காளிராஜிடம் போய் நின்றாள். “குடிச்சேன்னு எழுதச் சொன்னது நானா, ஆத்தா? நீயாத்தான எழுதுன?” என்றார் அவர்.

முன்பணம் கட்டியவர்களுக்கு அடுத்த வாரம் பதிவு. அவர்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்கு. காளிராஜ் வெளியே போன நேரம் பார்த்து, ஹாதிக்கும் சேர்த்து எல்லாருக்கும் மெயில் போட்டாள்: ‘நான் குடித்தது லாரித் தண்ணீர். அந்த மனையில் உப்புத் தண்ணீர்தான். விசாரிக்காமல் எழுதியது என் தப்பு. வாங்காதீர்கள். மன்னித்துவிடுங்கள்.’ அனுப்பிவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளட்டும்.

காளிராஜ் வந்து படித்ததும் முகம் கறுத்தது. ஆனால் அதற்குள் பதில்கள் வந்து குவிந்திருந்தன. அவற்றைப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்துவிட்டது. ‘இந்தக் காலத்தில் யாருக்கு இப்படிச் சொல்ல மனசு வரும்?’ ‘சகோதரி, உங்களை நம்பி எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.’ முன்பணத்தை ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் உள்ள இடமாக மாற்றிக்கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

“இத மொதல்லயே எழுதியிருக்கலாம்லத்தா!” என்று சிரித்தார் காளிராஜ். அவளுடைய மன்னிப்புக்குக் கீழே, ‘இதோ எங்கள் புதிய மனைப்பிரிவு’ என்று சேர்த்து, அவள் பெயரிலேயே எல்லாருக்கும் மறுபடி அனுப்பினார்.

“அங்கன தண்ணி எப்படிண்ணே?”

“இன்னும் போரே போடலயே.”

வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விட்டாலும் அவள் பெயர் இங்கே மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அழித்துவிட்டுப் போகவும் வழியில்லை.

ஹாதியின் பதிலைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்தது. திட்டித்தான் எழுதியிருப்பார், திட்டட்டும் என்று கடைசியில் திறந்தாள்.

‘தங்கச்சி, உங்க மேல கோவம் இல்ல. உம்மா பேசுனத மனசுல வச்சுக்காதீங்க. ஒரே ஒரு உதவி. அந்த மனைய யார் தலையிலயாவது கட்டிட்டா நான் ஊருக்கு வந்துருவேன். புதுசா வர்ற ஆளுங்களுக்கு நல்லதா ஒரு மெயில் எழுதி விடுங்க. நீங்க எழுதுனா யாரும் நம்புவாங்க.’

ஜெயசுதா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அது தப்பு என்று அவருக்குச் சொல்ல அவளுக்கு வாயில்லை. ஒரு நல்ல மனிதரை இப்படிக் கேட்கவைத்தது அவள்தான்.