ஓட்டையை அடைக்காதே, அளவெடுக்கணும்

இந்தியா கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வாங்கியதே, முதல் தடவை, அந்த வருடம்.

எங்கள் ஆந்திரப் பக்கம் ரேஷனில் இரண்டு ரூபாய்க்கு அரிசி வந்ததும் அப்போதுதான்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் போனைக் கேளுங்கள்.)

இன்று காலை புத்தூர் டீக்கடையில், யார் ஆட்சியில் சர்க்கார் கடன் அதிகம் என்று இரண்டு கட்சிக்காரர்கள் சண்டை. ஒருவர் என் பக்கம் திரும்பி, "கடன் வாங்கி உங்களுக்குத்தானே பெரியவரே செய்யறோம். உங்களுக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

என்ன நஷ்டம் என்று சொல்கிறேன்.

அந்த உலகக் கோப்பை வருடத்துக் கார்த்திகையில் எங்கள் ஏரி நிரம்பி நின்றது. மதகுக்குப் பக்கத்தில் நண்டு வளை வழியாகக் கரை கசிந்தது. நேர் கீழே கன்னியம்மாவின் அரைக் காணி நெல். புருஷன் செத்தபின் அவளுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அது ஒன்றுதான். கதிர் பால் பிடிக்கிற சமயம்.

கரை கசிந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். இது எங்கள் ஊர்க் கட்டு. எந்தச் சர்க்காரும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அன்று வந்தது ஐந்தே பேர். கன்னியம்மா, நான், இன்னும் மூன்று பேர். மற்றவர்கள், "கரைக்கு லோன் சாங்ஷன் ஆயிடுச்சாம். இனிமே சர்க்கார் பாத்துக்கும்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

வைக்கோலும் களிமண்ணும் திணித்து இடித்தோம். மத்தியானத்துக்குள் கசிவு நின்றது.

சாயங்காலம் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர், சர்பஞ்ச், ஓடி வந்தார்.

"யாருய்யா ஓட்டைய அடைச்சது? நாளிக்கு ஓவர்சியர் அளவெடுக்க வரார். ஓட்ட இல்லன்னா எஸ்டிமேட்டு இன்னாத்துக்கு?"

"தண்ணி போய்க்கினு இருந்துச்சி. அடைச்சோம்" என்றேன்.

"சர்க்கார் துட்டு வருதுய்யா. உன் ஊட்டுத் துட்டா போவுது?"

"சர்க்காருக்கு ஏது துட்டு? எங்கிட்ட வாங்கறதுதானே."

நியாயம் கேட்டு எங்கள் ஊர் எதிர்க்கட்சித் தலைவரிடம் போனோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டா அடைச்சீங்க? எலெக்‌ஷன் வரைக்கும் ஒழுவிக்கினு இருந்தா இவன் யோக்கியத ஊருக்குத் தெரிஞ்சிருக்குமே."

ஒருவருக்கு லோனுக்காக ஓட்டை வேண்டும். மற்றவருக்கு எலெக்‌ஷனுக்காக ஓட்டை வேண்டும். அடைக்கலாம் என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் சர்பஞ்சின் ஆட்கள் நாங்கள் அடைத்ததைத் தோண்டினார்கள். கன்னியம்மா குறுக்கே நின்றாள்.

"கீழ என் பயிரு கீது அண்ணா. ஒரு மாசம் குடு, அறுத்துக்கினு போய்டறேன். அப்பறம் ஏரியவே அளந்துக்கோ."

"அளந்ததும் அடைச்சிடுவோம்மா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார் சர்பஞ்ச்.

ஓவர்சியர் டேப் பிடித்து அளந்தார். காண்ட்ராக்டர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். இரண்டு ஆட்களைக் காவலுக்குப் போட்டார்கள். (ஓட்டைக்குக் காவல் போட்ட ஊர் உங்களுக்குத் தெரிந்து வேறு ஏதாவது உண்டா?)

மூன்றாம் நாள் மழை. கரை உடைந்தது. அரைக் காணியில் முழங்கால் உயரத்துக்கு மணல்.

காண்ட்ராக்ட் யார் ஆளுக்கு என்று இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டதில் காண்ட்ராக்டர் வரவே இல்லை. கோடையில் கரையைக் கட்டியது நாங்கள்தான், வீட்டுக்கு ஒரு ஆள்.

அதற்கு முன்பே சர்பஞ்ச் கன்னியம்மா வாசலில் ஒரு மூட்டை அரிசியை இறக்கினார். கூடவே போட்டோ பிடிக்கிறவர்.

"என் நெல்ல அழிச்சிட்டு எனக்கே அரிசி போடறியா? தூக்கிக்கினு போ" என்றாள்.

அந்த மணலை அவளும் பிள்ளைகளும் கூடை கூடையாய் அள்ளிக் கொட்ட இரண்டு கோடை ஆனது.

டீக்கடையில் கேட்ட தம்பிக்குத்தான் இது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், விசாரித்துக்கொள்ளுங்கள். சர்பஞ்ச் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர், ஓவர்சியர், எங்களோடு மண் அடித்த அந்த மூன்று பேர், எல்லாரும் போய்விட்டார்கள். அன்று ஓட்டையை அடைத்தவர்களில் என்னைத் தவிர சாட்சிக்கு ஒரே ஆள்தான் மிச்சம். இந்த வருடமும் அதே அரைக் காணியில் நாற்று விட்டிருக்கிறாள், கன்னியம்மா.