என் பெயருக்கு வந்த என் கடிதம்

போன வருஷம் நடந்தது. செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூருக்கு, மகளைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். வழியில் விழுந்துவிட்டோம். எனக்குச் சிராய்ப்போடு போனது. எட்டாவது படிக்கும் அவளுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று கணவரிடம் சொன்னேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். நான் சாப்பிடாமல், தூங்காமல் அலைவதைப் பார்த்த நர்ஸ், அங்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சலரிடம் அனுப்பினார். அந்த அம்மாவிடமும் நாய்க் கதையைத்தான் சொன்னேன். அவர் தாளும் கவரும் கொடுத்து, ஆறு மாதம் கழித்து நான் படிப்பதற்கு, எனக்கு நானே ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் படிக்கமாட்டாராம். ஒட்டி, வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்தால், நாள் வந்ததும் தபாலில் போட்டுவிடுவாராம்.

யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் உண்மையை எழுதினேன். 'நாய் எதுவும் வரவில்லை. போன் அடித்தது, எடுத்துப் பார்த்தேன். இதைப் படிப்பதற்குள்ளாவது வீட்டில் சொல்லிவிட்டாயா?'

சொல்லவில்லை. ஆறாவது மாதமும் நெருங்கிவிட்டது. கணவர் கையில் கிடைத்துவிட்டால்? வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் புடவையை மடித்துக்கொண்டே மணியைப் பார்ப்பேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் தேடுவேன். கடைசியில் கவுன்சலருக்கே போன் செய்து, கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். முந்தின நாள்தான் தபாலில் போட்டாராம்.

மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்து உள்ளே நுழைந்தால், கவர் மகள் கையில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

"ஒன் கையெழுத்துலயே ஒனக்கு லெட்டர் வந்திருக்கும்மா" என்றாள்.

வாங்கி ஒளித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. பிரித்து அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை.

"எனக்குத் தெரியும்மா. பின்னாடிதான உக்காந்திருந்தேன்."

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ நாயின்னு சொன்ன. அப்பா கேட்டப்ப நானும் நாயின்னுட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அன்று சாயங்காலமே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள், "புள்ளையையும் பொய் சொல்ல வச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார்.

கால் எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இப்போது ஓடுகிறாள். ஆனாலும், கட்டுப் போட்டுப் படுத்திருந்த பிள்ளை வலியோடு என் பொய்யையும் தாங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால், இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.