அம்மா ஊற்றிக் கொடுத்த குடி

மருத்துவமனையில் தங்கிக் குடியை விடுவதற்கு அண்ணன் ஒப்புக்கொண்டபோது ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: "எடத்த நாந்தான் பாத்து முடிவு பண்ணுவேன்."

வேடசந்தூர் நூற்பாலை ஒன்றில் அவன் ஃபிட்டர். கை நடுங்குகிறது என்று இயந்திரத்தின் பக்கமே அவனை விடாமல் வைத்த பிறகு வந்த சம்மதம் அது. எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன். அவன் மனம் மாறுவதற்குள் புறப்பட்டாக வேண்டும் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா எங்கள் இருவரையும் பேருந்தில் ஏற்றினார். அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் மூவர்தான்.

வத்தலக்குண்டு சாலையில் நாங்கள் பார்த்த முதல் குடிமீட்பு இல்லத்தின் மதிலில் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டிருந்தன. "ஒரு போன் போட்டாப் போதும்மா, நம்ம பசங்களே வண்டியில தூக்கிட்டு வந்துருவாங்க" என்றார் உரிமையாளர், பெருமையோடு. அதிகம் பேசாத நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ராத்திரி டாக்டர் இருப்பாரா?" தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். அண்ணன் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"நானே நடந்து வந்துருக்கேன். என்னைய எதுக்குத் தூக்கணும்?"

இரண்டாவது, கன்னிவாடிக்கு அருகே தென்னந்தோப்பை ஒட்டியிருந்த சிறிய மருத்துவமனை. அங்கே இரவிலும் மருத்துவர் இருந்தார். அண்ணன் சமையற்கட்டில் சாம்பாரை ருசி பார்த்தான். கட்டில்களை ஆட்டிப் பார்த்தான். தண்ணீர் மோட்டாரின் ஓசைக்குச் செவிசாய்த்து, "பேரிங் போயிருச்சு" என்று தீர்ப்பளித்தான். ஆலோசகரான பெண்மணி எல்லாவற்றுக்கும் பொறுமையாக உடன் நடந்தார்.

"எங்கள நல்லாப் பாத்துட்டீங்க தம்பி. இப்ப நாங்க உங்களப் பாக்கணும்."

மருத்துவரும் அவரும் அவனிடம் தனியே பேசினார்கள். பிறகு எங்களை அழைத்தார்கள். வியாழக்கிழமைதான் படுக்கை காலியாகும். அதற்குள், வருகிறேன் என்று அண்ணன் தன் வாயால் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

"அதான் நாஞ் சொல்றேன்ல, எழுதிக்கங்க" என்று அம்மா முந்தினார்.

"நீங்க சொன்னா நீங்கதான் வந்து படுக்கணும்மா" என்றார் ஆலோசகர்.

மருத்துவர் மேலும் ஒன்றைச் சொன்னார். அதுவரை அண்ணன் குடியைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும். வழக்கத்துக்கு மேலும் போகக் கூடாது. உடல் உதறினாலோ பேச்சு குழறினாலோ காத்திராமல் உடனே அழைத்து வர வேண்டும்.

திரும்பும் பேருந்தில் அண்ணனின் முகம் ஒளிர்ந்தது. "கேட்டியாம்மா? நிறுத்தாதன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

அவன் ஒளித்துவைத்த புட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொட்டுவதையே பல ஆண்டுகளாக ஒரு வேலையாகக் கொண்டிருந்தவர் அம்மா. மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதால் அதே சிரத்தையோடு அளந்து கொடுக்கும் இந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். புட்டி, குளிர்பதனப் பெட்டியில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இடம்பெற்றது. மறுநாள் மாலை அண்ணன் அதை நோக்கிக் கை நீட்டியபோது அம்மா குறுக்கே நின்றார்.

"மொதல்ல சோத்தச் சாப்டு அப்பு. தொட்டுக்க வச்ச வெஞ்சனத்த ஒதுக்காத."

அவன் சாப்பிட்டு முடித்ததும் அம்மா எவர்சில்வர் டம்ளரில் அளந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, எதிரே உட்கார்ந்துகொண்டார். அவன் வாயருகே கொண்டுபோவதை, சின்னப் பிள்ளைக்குப் பேதி மருந்து கொடுத்தவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அங்கிட்டுப் போம்மா. செத்த நேரம் டிவி பாரு."

"நீ குடி. டம்ளரக் கழுவணும்."

செவ்வாயன்றும் அவ்வாறே. அன்று கீரைக்கூட்டு வேறு. அண்ணன் பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏ பாப்பா, இந்தக் கொடுமைய நீயாச்சும் கேக்கக் கூடாதா?" என்று என்னைப் பார்த்தான். நான் தேர்வுக்குப் படிப்பதாகப் பாவனை செய்து புத்தகத்தை உயர்த்திக்கொண்டேன். அதன் பின்னால் நான் சிரித்தேன். ஆனால் அவன் இன்னும் அந்த அழைப்பைச் செய்திருக்கவில்லை. நாங்கள் நினைவூட்டக் கூடாது என்பது ஆலோசகரின் கண்டிப்பான உத்தரவு.

புதன்கிழமை காலையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து பேசுவது கேட்டது. அம்மா தாளிப்பதை நிறுத்திவிட்டார்.

"நாந்தான் மேடம் பேசுறேன். இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. எங்கம்மா ஊத்திக் குடுக்குறாங்க, உக்காந்து குடிக்கிறேன். அப்பத்தான் தெரியுது, நான் ருசிச்சுக் குடிச்சு ரொம்ப நாளாச்சு. மருந்து மாதிரித்தான் எறங்குது. மருந்துதான்னா அங்கயே வந்து குடிச்சிக்கிறேன். நாளைக்கு வாரேன்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. குரல் சண்டைக்கு வந்ததுபோல் இருந்தது.

"ஏலே, நான் ஊத்துனது அம்புட்டு மோசமாவா இருந்துச்சு?"

"ஆமாம்மா. உன்னையக் கடையில வச்சா ஊரே திருந்திரும்."

அன்று பிற்பகல் அவனே தன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான். என் அறை வாசலில் வந்து நின்று, படிப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றான்.

"ஒம் பாடப் புத்தகம் மட்டும் வேணாம் பாப்பா. அதுக்கு இந்தப் போதையே தேவல."

இலக்கியம் பயில்பவளிடம் சொல்லத்தக்க வார்த்தையா அது? அலமாரியிலிருந்து நகைச்சுவைக் கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அங்கே பல நாள் தாங்கும்படி, தடிமனான தொகுப்பாகவே பார்த்துக் கொடுத்தேன்.