அம்மா ருசி பார்த்த எஞ்சின்

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையோரம் ஒரு மெக்கானிக் படகு எஞ்சினை டிரம் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டிருந்தார். மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கடலிலிருந்து வந்த எஞ்சினை எங்கள் வீட்டில் அம்மாதான் கழுவுவாள். நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, எஞ்சினுக்குள் சுற்றித் துளை வழியே பீச்சும் நீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பாள். கரிப்பு போகும்வரை தண்ணீரை மாற்றுவாள். உள்ளே உப்பு அடைத்தால் எஞ்சின் சூடேறி, அப்பாவை நடுக்கடலில் நிறுத்திவிடும்.

ஒருநாள் கிணற்றுக்கு நடக்கச் சோம்பி, பக்கத்து உப்பங்கழித் தண்ணீரை டிரம்மில் நிரப்பினேன்.

"கெணத்துத் தண்ணிதானேடா?"

"ஆமாம்மா."

டிரம் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "அந்தக் கெணத்துல வல போட்டா மீனே கெடைக்கும் போலக்குதே!"

அடிக்கவில்லை. டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, குடத்தோடு கிணற்றுக்கும் வீட்டுக்குமாக அவளே நடந்தாள். நான் அவளோடு போகவில்லை.

மீன் ஏலம் முடிந்து வந்த அப்பா, "எஞ்சினு கழுவியாச்சா?" என்றார்.

"ஒங்க புள்ளதான் தண்ணி தூக்கியாந்தான்," என்று சொல்லி, நனைந்த தோளை முந்தானையால் மூடிக்கொண்டாள். அப்பா என் தலையைத் தடவினார். அவளுக்குச் சேர வேண்டிய அந்தத் தடவலை நான் வாங்கிக்கொண்டேன். அப்பா இருந்தவரை உண்மையைச் சொல்லவில்லை.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்தினார். "இன்னா பெரியவரே, படகு வச்சிருந்தீங்களா?"

"எங்கம்மா வச்சிருந்தாங்க," என்றேன்.